சிங்கத்தின் வயிற்றுக்கடியில் ஓர் ஊர்

நாடுகளை உண்டாக்கியவர்கள் மன்னர்கள் என்கிறார்கள். போர்வீரர்கள் என்கிறார்கள். மக்கள் என்றுகூடச் சிலர் சொல்லித் திரிகிறார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. பிள்ளைகள் பாவம், மனப்பாடம் செய்கின்றன. உண்மையில் நாடுகளை உண்டாக்கியது எங்கள் 'எல்லை நிர்ணயத் துறை'தான். நாங்கள் கோடு போடாவிட்டால் எது இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம் என்று மலைக்கே தெரியாது. ஆறுகள் இஷ்டத்துக்கு ஓடும். எந்த நாட்டுப் புல் என்று விசாரிக்காமலேயே ஆடுகள் மேயும். இப்போதும் அவை விசாரிப்பதில்லை. அதற்கென்று ஒரு தனிக் குழு அமைத்திருக்கிறோம்.

இப்பேர்ப்பட்ட துறையில் நான் துணைக் கண்காணிப்பாளர். யாருக்குத் துணை, யாரைக் கண்காணிக்க வேண்டும் என்று இதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அறிக்கைகள் எழுதுவது நான்தான். இயக்குநர் கனைத்தால் ஒரு பத்தி எழுதிவிடுவேன். இருமினால் இரண்டு பத்தி.

துறையின் உயிர்நாடி முதல் மாடியில், இயக்குநர் அறைக்குப் பக்கத்து அறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. 'மூல வரைபடம்' என்று பெயர். இருநூறு வருஷத்துக்கு முந்தியது. செப்புத் தகட்டில் கூரிய ஊசியால் கோடு கோடாகக் கீறி, மை தடவி, காகிதத்தில் அழுத்தி எடுத்த அச்சு. எங்கள் நாட்டுக்கும் பக்கத்து நாட்டுக்கும் நடுவிலுள்ள மலைகள் அத்தனையும் அதில் இருக்கின்றன. மலைகள் எல்லாம் கறையான் புற்று வடிவம். எல்லாப் புற்றுக்கும் வலது பக்கத்தில் நிழல். அந்த மலைகளில் வெயில் எப்போதும் இடது பக்கத்திலிருந்தே அடிக்கும் என்பது இதிலிருந்து புலனாகிறது என்று எங்கள் வித்தகர் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

வித்தகர் என்பவர் வரைபடங்களுக்கான ஆலோசகர். கல்லூரியில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவர். கல்லூரிப் பிள்ளைகள் நிம்மதிப் பெருமூச்சு விட்ட அதே வாரத்தில் எங்கள் துறை அவரை அள்ளிக்கொண்டது.

பழைய காகிதத்துக்கு வெக்கை ஆகாது என்பதால் அந்த அறையில் குளிர்சாதனம் நிற்காமல் ஓடும். உள்ளே போகிறவர்கள் கம்பளிச் சட்டை, மப்ளர், வெள்ளைக் கையுறை அணிய வேண்டும். வரைபடத்தின் மேல் மூச்சுக்காற்று படக் கூடாது. ஆகவே வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் துறையில் 'களஆய்வு' என்பது இதுதான். நேரில் மலைக்கே போகிற வழக்கம் ஒரு காலத்தில் இருந்ததாம். போனவர் ஒருவருக்குச் சளி பிடித்ததோடு அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது சளி இங்கேயே பிடித்துவிடுகிறது, பயணம் மிச்சம்.

எங்கள் துறைக்கு ஒரே ஒரு கொள்கைதான்: மூத்ததே மெய். இரண்டு வரைபடங்கள் முரண்பட்டால் எது பழையதோ அது சொல்வதே உண்மை. ஒருமுறை யாரோ ஒரு பொறியாளர் வானத்திலிருந்து எடுத்த படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். மலை, ஆறு, வீட்டுக் கூரை, கொடியில் காயும் துணி வரைக்கும் தெரிந்தது.

"இது எப்ப எடுத்தது?" என்று கேட்டார் இயக்குநர்.

"நேத்து சார்."

"நேத்து எடுத்ததுக்கு என்ன மதிப்பு இருக்கு? ஒரு இருநூறு வருஷம் கழிச்சுக் கொண்டாங்க, பாக்கலாம்."

பொறியாளர் படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

மூல வரைபடத்தைச் செதுக்கியவர் அந்த மலைப் பக்கமே போனதில்லை. எங்கோ தூரத்துத் துறைமுகத்தில், மாடியறை ஜன்னலோரம் உட்கார்ந்து, போய்வந்த வியாபாரிகள் சொல்லக் கேட்டுச் செதுக்கினார். இது அதன் குறை என்று சிலர் நினைக்கலாம். நேரில் பார்த்தவனுக்குத்தான் பாரபட்சம் வரும் என்பது வித்தகரின் கருத்து. பார்க்காதவனுக்கு யார்மேல் பாசம், யார்மேல் கோபம்?

வரைபடத்தின் வலது கீழ் மூலையில் என்ன இருக்கிறது என்று அந்தச் செதுக்குக்காரருக்குச் சொல்ல யாரும் கிடைக்கவில்லை. வெற்றிடமாக விட்டால் வாங்குகிறவன் ஏமாந்துபோவான். அதனால் வரைபடத்தின் தலைப்பை அங்கே கொண்டுபோய் வைத்தார். சுருள் சுருளான எழுத்துகள். எழுத்துகளைத் தூக்கிப் பிடிக்கச் சிறகு முளைத்த இரண்டு குண்டுக் குழந்தைகள். அவர்களுக்குக் கீழே சாவகாசமாகப் படுத்திருக்கும் ஒரு சிங்கம். அந்த மலைகளில் சிங்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் என்ன அழகான சிங்கம்! பிடரி மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

அந்தச் சிங்கத்தின் வயிற்றுக்கடியில்தான் என் தங்கை குடித்தனம் நடத்துகிறாள்.

அவளாகப் பார்த்துக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை. கம்பளி விற்க வந்தவர், தங்கையை வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று அப்பா சொல்வார். பெண் எங்கே வாக்கப்பட்டிருக்கிறாள் என்று யாராவது கேட்டால் அம்மா 'மேலே' என்று கையைக் காட்டுவாள். கேட்டவர்கள் ஒரு கணம் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்வார்கள்.

ஊர் ஒரு மலைத்திட்டு. இரண்டு பக்கமும் பள்ளம், இரண்டு பள்ளத்திலும் ஆறு. ஓர் ஆற்றைத் தாண்டினால் எங்கள் நாட்டுச் சாலை. மற்றதைத் தாண்டினால் பக்கத்து நாடு. எங்கள் பக்கத்து ஆற்றைக் கடக்க ஒரு கம்பியும் அதில் தொங்கும் கூடையும் உண்டு. கூடையில் ஒருவர் உட்கார, அக்கரையிலிருந்து இன்னொருவர் இழுப்பார். மழைக்காலத்தில் ஆறு கூடைவரை ஏறிவிடும், கூடை ஓடாது. போன மழையில் தங்கைக்கு வலி கண்டபோது கூடை ஓடவில்லை. முதல் குழந்தை தங்கவில்லை. இதை எந்தத் துறை மொழியிலும் அழகாக எழுத எனக்கு வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

இந்த வருஷம் மறுபடியும் உண்டாகியிருந்தாள். மழை தொடங்கும் முன் ஒரு பாலத்துக்கு அனுமதி கேட்க மச்சானோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். பாலம் கட்டும் துறை, 'அந்த ஊர் நம்ம நாட்டுலதான் இருக்குன்னு எல்லைத் துறை எழுதிக் கொடுக்கட்டும்' என்று கையை விரித்திருந்தது.

இயக்குநர் நல்ல மனிதர். கர்ப்பிணிப் பெண்ணை நிற்க வைக்கவில்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், அப்புறம்தான் அவள் இல்லை என்று சொன்னார்.

"நீங்க எங்கிருந்து வர்றதா சொல்றீங்கம்மா?"

தங்கை ஊர்ப்பெயரைச் சொன்னாள். இயக்குநர் வித்தகரைப் பார்த்தார். வித்தகர் வாயில் கட்டியிருந்த துணியைக் கீழே இறக்கினார்.

"அங்கிருந்து யாரும் வர முடியாதும்மா. அது அலங்காரப் பகுதி."

"என்ன பகுதி?"

எல்லோருமாகக் கம்பளி போட்டுக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனோம். அவளுக்கு வயிற்றை மூடுகிற அளவில் கம்பளிச் சட்டை கிடைக்கவில்லை. தன் சால்வையைப் போர்த்திக்கொண்டாள். வித்தகர் ஒரு மெல்லிய குச்சியால் சட்டத்தைத் தொடாமல் காட்டினார்.

"இது உங்க பக்கத்து ஆறு. இப்படியே வருது, வருது, இங்க பாருங்க, சிங்கத்தோட முதுகுல வந்து முடிஞ்சுடுது."

"அந்த ஆறு முடியலைங்க," என்றாள் தங்கை. "எங்க வாசலுக்குக் கீழதான் ஓடுது. ராத்திரி பகல்னு இல்லாம சத்தம் கேக்கும்."

"சத்தம் கேக்கலாம். ஆனா வரைபடத்துல இல்லியே."

"அண்ணா, என் வீடு எங்க இருக்கு, நீ சொல்லு."

அலுவலக நேரத்தில் நான் அவளுக்கு அண்ணன் இல்லை. இருந்தாலும் குச்சியை வாங்கிக் காட்டினேன். "சிங்கத்தோட வயித்துக்குக் கீழ. பின்னங்காலுக்கு இந்தப் பக்கம்."

அவள் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் படுத்திருக்கு. நான் வேணா இதுகிட்டயே கேட்டுக்கட்டுமா, கொஞ்சம் நகந்து படுக்கச் சொல்லி?"

மச்சான் அதுவரை வாயே திறக்கவில்லை. மலைக்காரர், பேச்சைச் செலவு செய்ய மாட்டார். "ஐயா ஒருதரம் வந்து பாத்துட்டுப் போங்க. இருக்கமா இல்லையான்னு தெரிஞ்சுடும்," என்றார்.

"பாத்துட்டுத்தானே இருக்கோம்," என்று வரைபடத்தைக் காட்டினார் இயக்குநர். அவருடைய பொறுமைக்கு ஒரு சிலையே வைக்கலாம்.

விஷயம் உயர்மட்டக் கூட்டத்துக்குப் போனது. வித்தகர் பூதக்கண்ணாடியோடு மூன்று நாள் களஆய்வு நடத்தினார். சிங்கத்தை வால் நுனியிலிருந்து மூக்கு வரைக்கும் அங்குலம் அங்குலமாகத் தேடினார். குடியிருப்புக்கான அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. பிடரிப் பக்கம் ஒரு புள்ளி தென்பட்டபோது எல்லோருக்கும் நெஞ்சு படபடத்தது. துடைத்துப் பார்த்தால், ஈ உட்கார்ந்துவிட்டுப் போன அடையாளம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு முழு ஊரைச் சிங்கத்துக்கடியில் மறைத்த பெருமை எங்களைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது.

கூட்டத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். "சார், செதுக்கினவருக்கு அந்த இடம் தெரியலை. அதனாலதான் சிங்கத்தைப் போட்டு மறைச்சிருக்காரு."

"தெரியாத இடத்துல இவ்வளவு பெரிய சிங்கத்தைப் போட ஒருத்தனுக்குத் தைரியம் வருமா?" என்றார் வித்தகர். "அங்க ஒண்ணும் இல்லைன்னு திட்டவட்டமா தெரிஞ்சதாலதான் போட்டிருக்கான்."

இயக்குநர் கனைத்தார். நான் பத்தியை எழுதினேன்: 'மனுதாரர் வசிப்பதாகக் கருதும் இடம் அலங்காரப் பகுதியில் அமைவதாலும், அங்கே பாலம் அமைப்பது தொன்மையான கலைப்பொருள் ஒன்றின் மீது இரும்பு அடிப்பதற்கு ஒப்பாகும் என்பதாலும், கோரிக்கை ஏற்கத்தக்கதன்று.' நல்ல வாக்கியம். மூன்று இடங்களில் பாராட்டினார்கள்.

தங்கை அதை வாங்கி நின்றபடியே படித்தாள். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு அம்மா சொல்லும். உங்க ஏட்டுச் சுரைக்காய் எங்க கறியைத் தின்னுடும் போல இருக்கேண்ணா." பிறகு என் சட்டைக் காலர் மடிந்திருந்ததைச் சரிசெய்துவிட்டு, மச்சானோடு பேருந்து ஏறப் போனாள். பேருந்து கிளம்பும்வரை நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். இதையும் துறை மொழியில் எழுத முடியாது.

மழை வந்தது. கூடை நின்றது.

இந்த இடத்தில்தான் பக்கத்து நாட்டின் நயவஞ்சகம் தொடங்குகிறது. மச்சானுடைய அத்தை மகன் அந்தப் பக்கத்தில் கட்டட மேஸ்திரி. எல்லை என்று ஒன்று இருப்பது தெரியாமலேயே அந்த மலைக்காரர்கள் காலங்காலமாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்துவிட்டார்கள். மேஸ்திரி தன் ஊர்ச் சாலை அதிகாரியிடம் போய், வேறெங்கோ பாலம் கட்டி மிஞ்சிய இரும்புச் சட்டங்களைக் கேட்டிருக்கிறார். அந்த ஆள் தூக்கிக் கொடுத்துவிட்டான். அங்கேயும் எங்களைப்போல ஓர் எல்லைத் துறை உண்டு, அதனிடமும் ஒரு வரைபடம் உண்டு. ஆனால் அந்த மூலையில் அவர்கள் என்ன வைத்திருக்கிறார்கள், மயிலா மானா என்று யாரும் போய்க் கேட்கவில்லை போலிருக்கிறது. இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து அந்த நாட்டுப் பக்கத்து ஆற்றின் மேல் ஒரு சின்னப் பாலத்தைப் போட்டுவிட்டார்கள். ஆள் நடக்கலாம், கட்டிலோடு நோயாளியைத் தூக்கிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான்.

தங்கையை அதில்தான் கொண்டுபோனார்கள். அக்கரை ஊர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. மச்சான் போனில் சொன்னபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். "ரெண்டு பேரும் சௌக்கியம் மாப்ள," என்றார். அவர் அதற்குமேல் சொல்ல மாட்டார், எனக்கும் வேண்டியிருக்கவில்லை. கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தால், இயக்குநர் அறையே அமளியாக இருந்தது.

மேசை மேல் வானத்திலிருந்து எடுத்த படம் ஒன்று விரிந்து கிடந்தது. புதுப் பாலம் பளிச்சென்று தெரிந்தது.

"ஊடுருவல்," என்றார் இயக்குநர். "நம்ம மண்ணுல அவங்க பாலம்."

"சார், இது எப்ப எடுத்த படம்?" என்று கேட்டேன்.

"நேத்துதான். நேத்து எடுத்ததை நம்பாம வேற எதை நம்புறது?"

"ஆனா அது அலங்காரப் பகுதி..."

இயக்குநர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி வேலையை இழந்தேன். வித்தகர் நிதானமாக மப்ளரைச் சுற்றிக்கொண்டு பக்கத்து அறைக்குள் போனார். கால்மணி நேரத்தில் முகமெல்லாம் ஒளியோடு திரும்பி வந்தார்.

"சிங்கத்தோட முகம் எந்தப் பக்கம் பாக்குது?"

யாருக்கும் ஞாபகமில்லை.

"நம்ம பக்கம். வால்தான் அவங்க பக்கம். எந்த மிருகமும் தன் எஜமானைப் பாத்துத்தான் படுக்கும். அப்ப அந்தச் சிங்கம் யாரோடது? சிங்கம் படுத்திருக்கற இடம் யாரோடது?"

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன், எல்லோரும் நிற்கும்போது உட்கார்ந்திருப்பது தேசத்துரோகம். இருநூறு வருஷமாக யாருக்கும் புலப்படாத ஓர் உண்மை ஒரு மழைநாளில் புலப்பட்டுவிட்டது.

"சார், ஒண்ணு சொல்லணும்," என்றேன். "அந்தப் பாலம் வழியாத்தான் என் தங்கச்சியைப் பிரசவத்துக்குத் தூக்கிட்டுப் போனாங்க. இப்ப அவ அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில இருக்கா. பொண்ணு பொறந்திருக்கு."

இயக்குநர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். கண் கலங்கியிருந்தது. பொய்யில்லை, நானே பார்த்தேன்.

"கடத்திட்டாங்களா?"

"கடத்தலை சார். கட்டில்ல தூக்கிட்டு..."

"கைக்குழந்தையோட நம்ம குடிமகள் ஒருத்தியைக் கடத்தியிருக்காங்க. எழுதிக்கோங்க."

போன மாதம்வரை இல்லாதிருந்த என் தங்கை இப்படித்தான் இந்நாட்டின் குடிமகள் ஆனாள். பிறந்து ஒருநாள்கூட ஆகாத என் மருமகளுக்கும் அன்றே குடியுரிமை கிடைத்தது. எத்தனையோ பேர் அதற்காக வருஷக்கணக்கில் அலைகிறார்கள்.

அறிக்கையை நான்தான் எழுதினேன். 'நம் நாட்டின் இதயம்' என்று அந்த ஊரைக் குறிப்பிட வேண்டும் என்றார்கள், குறிப்பிட்டேன். மாலையில் எல்லாத் தொலைக்காட்சியிலும் சிங்கம் வந்தது. அமைச்சர் அதன் படத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு பேசினார். ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்க மாட்டோம் என்றார். அங்குலக்கணக்கு அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள், வித்தகர் அளந்து கொடுத்திருந்தார். ஊரெல்லாம் ஊர்வலம். அந்த ஊரின் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்தவர் ஒருவரும் அதில் இல்லை.

மறுநாள் காலையில் படை போயிற்று. மழையானால் என்ன, கூடை நின்றால் என்ன? ஹெலிகாப்டர் இருக்கிறதே. திட்டில் போய் இறங்கினார்கள். ஊர்க்காரர்கள் ஓடி வந்தார்களாம். தங்கள் ஊரில் அரசாங்கம் வந்து இறங்குவதை அவர்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பாலம் கட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, பெண்கள் தேநீர் போட்டுக் கொடுத்தார்கள். வந்தவர்கள் வாங்கிக் குடித்தார்கள். அப்புறம் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பாலத்துக்கு வெடி வைத்தார்கள்.

மச்சான் அந்த நேரத்தில் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஊர்க் கரையில் இருந்தார். குழந்தைக்குத் துணியும் கம்பளியும் எடுத்துப் போக வீட்டுக்கு வந்திருக்கிறார்.

தங்கை போன் செய்தாள். பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது. நல்ல கணீரென்ற குரல்.

"டிவியில எங்களை மீட்டுட்டதா சொல்றாங்களேண்ணா."

"ஆமா."

"மீட்டவங்க எங்களை இங்கயே விட்டுட்டுப் போயிட்டாங்களே. அவர் அந்தக் கரையில நின்னு கையாட்டறாராம், பாத்தவங்க சொல்றாங்க. பிள்ளைய எப்படி அவர்கிட்டக் காட்டறது?"

துணைக் கண்காணிப்பாளருக்குப் பதில் சொல்லும் அதிகாரம் இல்லை. போனை வைத்துவிட்டு நேரே இயக்குநர் அறைக்குப் போனேன். அங்கே வாழ்த்துத் தெரிவிக்க வந்தவர்கள் கூட்டம். இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"சார், இப்ப அது நம்ம ஊருன்னு ஆயிடுச்சு. நம்ம பக்கத்து ஆத்துல ஒரு பாலம் போடலாமே. நாட்டோட இதயம்னு நாமதானே சொன்னோம்?"

"அதனாலதான் முடியாதுங்கறேன்," என்றார் இயக்குநர், மிகுந்த பரிவோடு. "இதயத்துல போயி யாராவது இரும்பு அடிப்பாங்களா?"

கூட்டம் கைதட்டியது. அந்த வாக்கியத்தையும் நான்தான் அறிக்கையில் சேர்த்தேன்.

ஆகவே, விவரம் தெரியாமல் யாரும் எங்கள் அரசைச் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஊருக்கென்று அது இதுவரை செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். அதை ஒரே நாளில் முடித்துவிட்டது.